மாட்டியதற்குக் கீழே

ஜூன் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

போய் இறங்கியதும் போன் செய்தீர்கள். சாப்பிட்டீர்களா என்றேன், "ம்" என்றீர்கள். அறை எப்படி என்றேன், அதற்கும் "ம்". அதனால்தான் கடிதம். "ம்" என்று ஒரே எழுத்தை எழுதி உறையில் போட்டுத் தபால்தலை ஒட்ட உங்களுக்கே கை வராது. நாலு வரியாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நானும் பாப்பாவும் சௌக்கியம். பதினாறு வயசாகிறது, பாப்பா என்று கூப்பிடாதே என்று சண்டை. பள்ளிக்கூட வாசலில் மட்டும் கூப்பிடுவதில்லை என்று சமாதானம் பேசி வைத்திருக்கிறேன். நான் வேலைக்குப் போகிற கண்ணாடிக் கடையில் நிற்க இடமில்லை. பள்ளி திறந்தால் ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் கரும்பலகை மங்கிவிடும். "காதுல இடிக்குதா, மூக்குல வழுக்குதா" என்று கேட்டுக் கேட்டே தொண்டை கட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா, "இருபது வருஷம் விமானப்படையில இருந்துட்டு இப்பத்தானே வந்தாரு, அதுக்குள்ள எங்க துரத்திட்டே?" என்கிறார். சிரித்து மழுப்பினேன். உங்களிடம் மழுப்ப முடியாது. நேரில் சண்டையாகப் போனதை இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன்.

அன்று நான் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். கொடியில் துணி அத்தனையும் மழையில் தொங்குகிறது. நீங்கள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "துணி நனையிறது தெரியலையா?" "தெரிஞ்சுது." "எடுக்கிறதுக்கு என்ன?" "நீ சொல்லலையே."

வீம்புக்குச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் அப்பாவியாகத்தான் சொன்னீர்கள். உங்கள் வேலை அப்படி என்று எனக்குத் தெரியும். ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பார். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்வீர்கள், செய்வீர்கள், "ஆச்சு" என்பீர்கள். வாசிக்காத எதையும் தொட்டால் கை போகும், சமயத்தில் ஆளே போவார். விமானத்தின் இறக்கைக்குக் கீழே குண்டு மாட்டுகிற இடத்தில் அது சரி. ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். குளிங்க. ஆச்சு. கடைக்குப் போயிட்டு வாங்க. ஆச்சு. பாப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. அதையும் செய்துவிட்டு என்னிடம் வந்து "ஆச்சு" என்றீர்கள். அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

"எங்கயாவது போய் நாலு பேரோட வேலை பாருங்க" என்றேனே, அதோடு என் வாசிப்பு முடிந்தது. இனி "வாங்க" என்று நான் எழுதவே மாட்டேன். கூப்பிட்டால் வந்துவிடுவீர்கள். எனக்கு அப்படி வருகிறவர் வேண்டாம். வர வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும் அன்றைக்கு வாருங்கள். அதுவரை காத்திருக்கிறேன்.

முட்டி வலிக்குத் தைலம் பையின் பக்கவாட்டில் இருக்கிறது. தேய்க்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஜூன் 15

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

அறை மாடியில். கட்டில், மேசை, ஒரு பிளாஸ்டிக் வாளி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரிகிறது. குறை ஒன்றும் இல்லை.

வேலை ஒரு கிடங்கில். பெட்டிகளை லாரியில் ஏற்ற வேண்டும். முதல் நாள் சூப்பர்வைசர், "அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கு" என்றார். நான் சத்தமாக, "அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் தூக்கினேன். "வண்டியில வை." "வண்டியில வை. ஆச்சு." அவர் கிட்டே வந்து, "என்ன, நக்கலா?" என்றார். பழக்க தோஷம், அதையும் திருப்பிச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று புரிகிறது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருக்கிறது. குளிக்கிறேன், சாப்பிடுகிறேன். தைலம் தேய்க்கவில்லை.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூன் 27

என் அன்பான கிளிப்பிள்ளைக்கு,

சூப்பர்வைசர் கதையைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போது நான் "படி" என்றால் "படி" என்கிறாள், "படிச்சாச்சு" என்று எழுந்து போய்விடுகிறாள். புத்தகம் மூடியபடியே கிடக்கிறது. உங்கள் வித்தையை நல்லவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்டார். இருக்கிறார், ஆனால் சொன்னால்தான் செய்வார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு நானே ஏணியில் ஏறி வயரைப் பிடித்துக் கொடுத்தேன்.

பாப்பா ஒன்று கேட்டாள். நீங்கள் வீட்டில் இருந்தபோதே கேட்டாளாம். "அப்பா, நீங்க மாட்டினதெல்லாம் எங்க போய் விழுந்துச்சு?" நீங்கள் "அது என் வேலை இல்ல" என்றீர்களாம். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? அவளுக்கே எழுதுங்கள்.

கன்னத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊசி மருந்து எப்படியும் இறங்கிவிடும். இறங்கும்போது வலிக்கும், அது நல்லதுதான். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஜூலை 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கிடங்கு வேலை போய்விட்டது. லாரி ஏற்றிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். விமானப்படையில் வாசிப்பவர் நிறுத்தினால் எல்லாரும் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். நான் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது லாரி முக்கால்வாசி காலி, நாங்கள் மூவரும் சுவரோரம் வரிசையாக நிற்கிறோம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க நல்லவர்தான் சார், ஆனா நாளையிலிருந்து வேணாம்" என்றார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பெண் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "குண்டு மாட்டத் தெரியும். சரி, வேற என்ன தெரியும்?" என்று கேட்டாள். யோசித்துவிட்டு, கனமான பொருளை உயரத்தில் பூட்டத் தெரியும் என்றேன். வாட்ச்மேன் வேலைக்கு எழுதப்போனவள் பேனாவை நிறுத்தி, வேறொரு இடத்துக்கு அனுப்பினாள். அரங்கங்களில் மேடை விளக்குகளும் ஸ்பீக்கர்களும் தொங்கவிடுகிற கம்பெனி. முதலாளியம்மா முதல் நாள், "ஏன் நிக்கிறீங்க?" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்லலை." "இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. மேல பாருங்க, என்ன குறையுதுன்னு தெரியும்." வெகுநேரம் மேலே பார்த்தேன். கழுத்துதான் வலித்தது.

இன்னொரு விஷயம். ரேடியோ போன் செய்தான். உனக்கு நினைவிருக்கும், எங்கள் குழுவில் எனக்கு வாசிக்கிறவன், ஒரே குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பதால் அந்தப் பெயர். அவன் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். கடல் தாண்டி ஒரு விமான தளம், அதே வேலை. பழைய குழுவைத் திரட்டுகிறான். "வா" என்றான். "வர்றேன்" என்று வாய் சொல்லிவிட்டது. செப்டம்பர் கடைசியில் பயணம்.

உன் கணவன்


ஜூலை 29

அன்புள்ள உங்களுக்கு,

வாய் சொல்லிவிட்டதாம். வாய் மட்டும் கப்பல் ஏறிப் போகுமா, கூடவே நீங்களும் போவீர்களா?

நான் "போகாதீங்க" என்று எழுதினால் போக மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும், அதனாலேயே எழுத மாட்டேன். ரேடியோ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று யார் குரல் பெரிது என்று பார்க்கவா? எனக்கு அந்தப் போட்டி வேண்டாம்.

எனக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. இங்கே நாலு பேரோடு மோதி, வேலை போய், கழுத்து வலித்து, எப்படியாவது நீங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்த இறக்கைக்குக் கீழே மறுபடி போய் நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. அதன் பிறகு நான் காத்திருக்க மாட்டேன். மிரட்டல் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை நீங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 18

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

ரேடியோ டிக்கெட் அனுப்பிவிட்டான். மேசைமேல் இருக்கிறது. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

வேலைக்குப் போகிறேன். நேற்று ஒரு சின்ன விஷயம். விளக்குகள் பூட்டிய குழாயை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கச் சங்கிலி முறுக்கியிருந்தது. எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு யாருமில்லை, எல்லாரும் அவரவர் வேலையில். நான் போய் நிறுத்தி முறுக்கை எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான்தான் திரும்பத் திரும்ப அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதற்கு மேல் போகவில்லை. நீ ஏன் இப்போது முன்போல் நிறைய எழுதுவதில்லை?

உன் கணவன்


செப்டம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. குடல்வால். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை.

பள்ளியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. போனேன். ஆட்டோவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உடனே வெட்ட வேண்டும் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் பச்சை நிற நாற்காலிகள். எதிரே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, "முடிஞ்சுதும்மா, நல்லாயிருக்கா" என்றாள். நல்லது என்றேன். கான்டீனில் டீ குடித்தேன்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கோபத்தில் இல்லை. வேண்டுமென்றே மறைக்கவும் இல்லை. எனக்கு உங்கள் நினைவே வரவில்லை. பாப்பா வீட்டுக்கு வந்த பிறகு, "அப்பாவுக்கு சொன்னியாம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் சொல்லவில்லை என்பது தெரிந்தது. பிறகு அவளுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டேன்.

மோட்டார் மறுபடி பழுது. புதிது வாங்கிவிட்டேன்.

உங்கள் மனைவி


செப்டம்பர் 28

என் அன்பான கண்ணாடிக்காரிக்கு,

இது நீளமான கடிதம். உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்ததும் பாப்பாவுக்குப் போன் செய்தேன். "இப்ப நல்லாருக்கேன்ப்பா, தழும்பு சின்னதுதான்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பேசினாள். பேசி முடித்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் ஒரு அரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி. மேடைக்கு நேர்மேலே ஒன்று, முன்வரிசைகளுக்கு மேலே ஒன்று என்று நீளக் குழாய்களில் விளக்குகள். முன்வரிசைக் குழாயை முழுக்க நான்தான் மாட்டினேன். வேலை முடிந்ததும் எங்கள் ஆட்கள் வெளியே போய்விட்டார்கள். நான் போகவில்லை. உள்ளே போய் மூன்றாவது வரிசையில் ஒரு காலி இடத்தில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

கூட்டம் நிறைந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் குழந்தை. விளக்குகள் எரிந்தன, பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிறது, ஒன்றும் விழாது என்று தெரியும். ஆனாலும் பிடியை விட முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் மாட்டிய எதற்கும் கீழே நான் இருந்ததே இல்லை. மாட்டுவோம், விமானம் போய்விடும். திரும்பி வரும்போது இறக்கைக்குக் கீழே காலியாக இருக்கும். "நல்லா வேலை செஞ்சுது" என்பார்கள். அடுத்ததை மாட்டுவோம். அங்கே கீழே இப்படி வரிசை வரிசையாக ஆட்கள் இருந்திருப்பார்கள், ஒருத்தி மடியில் குழந்தை இருந்திருக்கும் என்று அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "மேல இருக்கிறது நான் மாட்டினது" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, நான் அந்த இடத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். மேடையில் என் பிள்ளை பாடுவதைக் கேட்டு நான் உருகுகிறேன் என்று நினைத்து அவர் கைக்குட்டை கொடுத்தார்.

பாப்பாவுக்கு எழுதிவிட்டேன். எங்கே விழுந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை, இப்போது கேட்கத் தோன்றுகிறது, சொல்வதற்குத்தான் யாருமில்லை என்று எழுதினேன். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ரேடியோவிடம் "வரலை" என்றேன். "ஏன்?" என்றான். "வரலை, அவ்வளவுதான்." அவன் குரலில் முதல்முறையாக ஒரு ஏற்ற இறக்கம் கேட்டது. "நீ இல்லாம நான் யாருக்குடா வாசிக்கிறது?" என்றான். பாவமாக இருந்தது. அவன் விமானம் ஏறிய அன்று நான் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஏணிமேல் இருந்தேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று நீ காத்திருக்கிறாய். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இங்கே இருக்க ஆசையாக இருக்கிறது, உங்கள் இருவரோடும் இருக்க அதைவிட ஆசையாக இருக்கிறது. இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீடு பார்த்து வைத்திருக்கிறேன். கீழ்த்தெருவிலேயே ஒரு கண்ணாடிக் கடை, ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே போய் விசாரித்தேன். நானாகப் போய் ஒன்றை விசாரித்தேன் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து உன் திட்டை வாங்க வேண்டும் போல் இருக்கிறது.

வந்துவிடு. நான் கூப்பிடுகிறேன்.

உன்
கணவன்


அக்டோபர் 16

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில்தான் பிரித்தேன். பாதியில் ஒருவர் வந்தார், அவர் கண்ணாடியின் காலை இறுக்கிக் கொடுத்துவிட்டு மீதியைப் படித்தேன். வீட்டில் மறுபடி படித்தேன். பாப்பா படித்துவிட்டு அழுதாள். "அம்மா, அப்பா கூப்பிடுறாரும்மா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமா இந்தப் பிள்ளைக்கு என்று மட்டும் தோன்றியது.

நீங்கள் ரேடியோவோடு போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். எனக்காகக் கடை ஏறி விசாரித்திருக்கிறீர்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்று விடாமல் இந்த ஒரே கடிதத்தில் இருக்கிறது. இப்படி ஒரு வரி போன வருஷம் வந்திருந்தால் கதவைப் பூட்டக்கூட நிற்காமல் பஸ் ஏறியிருப்பேன். இப்போது படித்துவிட்டு, எனக்கு ஏதாவது ஆகும் என்று இத்தனை நாள் பார்த்தேன். சமைத்தேன், கடைக்குப் போனேன், வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள்மேல் கோபம் துளியும் இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டாவது உங்களிடம் வந்து சேரலாம். எப்போது இப்படி ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆகியிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. உங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்குப் பாப்பாவை அனுப்புகிறேன். அவளுக்கு உங்களோடு இருக்க ஆசை. கனமான எதையும் இன்னும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாட்டிய விளக்குகளைக் காட்டுங்கள், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடிக் கடையிலும் எனக்காக யாரையும் காத்திருக்கச் சொல்ல வேண்டாம்.

கூப்பிட்டீர்கள். சந்தோஷம் என்று எழுத வேண்டும், எழுதினால் பொய்யாகிவிடும். நான் வரவில்லை.

உங்கள் மனைவி